நற்சாட்சிப் பத்திரமும் தாட்சணியமும்

(சோழபுரத்தில் கூடிய நம் சங்க மாதாந்தரக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



காரியதரிசி அவர்கள் என்னை இன்று பேசும்படி பணித்தபோது, கல்வியைப் பற்றியாவது சிக்கனத்தைப் பற்றியாவது பேசலாம் என்றார்கள். அவ்விரண்டைப் பற்றியும் இம்மேடையில் என்னிலும் வல்லவர்கள் பலமுறை பேசியிருக்கின்றனர். ஆதலின், நம் வீட்டுத் திண்ணைகளில் அடிக்கடி நடந்தும் எவரும் மேடையேற்றாத ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டேன். நம்மோடு வேலை பார்க்கிற ஒருவரைக் குறித்து, அல்லது முன்னே பார்த்துப் பிரிந்துபோன ஒருவரைக் குறித்து, 'இவர் இத்தன்மையர்' என்று அன்னியர் ஒருவருக்கு எழுத்தாலோ வாயாலோ சாட்சி சொல்லும் காரியமே அது. இதனை முன்னாளில் நற்சாட்சிப் பத்திரம் என்றும் யோக்கியதாபத்திரம் என்றும் வழங்கினர். இக்காலத்து இளைஞர் 'ரெபரன்ஸ்' என்கின்றனர். பெயர் எதுவாயினும் ஆகுக. அதில் உண்மை எவ்வளவு இருக்கிறது, தாட்சணியம் எவ்வளவு இருக்கிறது என்பதே நான் பேச வந்தது.

நம் பக்கத்துக்கு இப்பேச்சு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். 1936-ஆம் வருஷத்தில் பி. ஏ. சி. ராமசாமி ராஜா அவர்கள் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார்கள். அதன்பின் இப்பிரதேசத்தில் நூற்பாலைகள் பல எழுந்தன. நம் பாட்டன்மார் காலத்தில் ஆலைக்குள் நுழைவதற்கு எழுத்துமூலமான சாட்சி ஒன்றும் தேவைப்படவில்லை. மேஸ்திரிக்கு ஆளைத் தெரியும், ஆளின் தகப்பனைத் தெரியும், தெருவைத் தெரியும். சேர்ந்த ஆலையிலேயே தலை நரைத்து வெளிவந்தவர் அநேகர். இன்றைய நிலைமை வேறு. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிக் கூடத்தில் கணக்கெழுதிய பெண் மணமானபின் திருப்பூருக்குப் போகிறாள். ஆலையின் மின்சாரப் பகுதியில் இருந்த பையன் ஓசூருக்குப் போகிறான். கணிப்பொறி கற்றவன் மூன்று வருஷத்துக்கு ஒரு கம்பெனி மாறுகிறான். போன இடத்தில் இவர்களை அறிந்தவர் எவருமில்லை. புதிய முதலாளி பழைய இடத்துக்குத் தொலைபேசியில் பேசி விசாரிக்கிறார். பெரிய கம்பெனிகள் சில, விசாரிப்பதற்கென்றே வேறொரு ஸ்தாபனத்தை அமர்த்துகின்றன. அவ்விசாரணையில் நம்மில் ஒருவர் சொல்லும் நான்கு வார்த்தைகள் ஒரு குடும்பத்தின் வரும்படியை ஆக்கவும் கூடும், அழிக்கவும் கூடும்.

நாம் எழுதித் தரும் கடிதங்களைச் சற்றுப் பாருங்கள். 'இவரை எனக்குச் சிறு பிராயம் முதல் தெரியும். கௌரவமான குடும்பத்தில் பிறந்தவர். நல்லொழுக்கமும் பணிவும் உழைப்பும் உடையவர். எந்த வேலைக்கும் தகுதியானவர்.' இந்நான்கு வாக்கியங்களையும் எத்தனை பேருக்கு எழுதியிருப்போம்! பெயர் எழுதும் இடத்தை மட்டும் காலியாக விட்டு அச்சிட்டு வைத்துக்கொண்டாலும் வித்தியாசம் தெரியாது. எந்த வேலைக்கும் தகுதியானவர் என்றால் எந்த வேலையில் அவரைப் பார்த்தோம் என்ற கேள்வி எழுகிறது. அதற்கு அக்கடிதத்தில் விடை இல்லை. பெறுபவர் இதனை அறியாதவரா? இத்தகைய கடிதம் நூறு அவர் மேஜைமேல் கிடக்கிறது. நம் பையன் கொண்டுபோனது நூற்றோராவது. நாம் உதவி செய்துவிட்டதாக எண்ணித் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறோம். அவனோ கடிதத்தோடு போய் வெறுங்கையோடு திரும்புகிறான்.

இது இன்று நேற்று வந்த நோயன்று. வெள்ளைக்காரர் ஆண்ட நாளில் பட்லர்களும் சமையற்காரர்களும் பழைய எஜமானர் தந்த 'சிட்'டைக் காட்டித்தான் புதிய பங்களாவில் வேலை கேட்பார்கள். 1886-இல் யூல், பர்னல் என்னும் இருவர் வெளியிட்ட ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியில் அச்சொல்லுக்குக் கடிதம் என்ற பொருளோடு வேலைக்காரருக்குத் தரப்படும் சான்று என்ற பொருளும் சொல்லியிருக்கிறது. அவ்விருவரில் பர்னல் என்பவர் நம் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர்; தமிழ்நாட்டுச் சங்கதி அறிந்தவர். சிட் பெருகப் பெருக அதன் மதிப்புக் குறைந்தது. கள்ள நாணயம் புழங்கும் சந்தையில் நல்ல நாணயத்தையும் சுண்டிப் பார்ப்பார்களல்லவா?

சர்க்கார் உத்தியோகத்துக்குரிய குணச்சான்றுப் படிவங்களைப் பார்த்தவர்கள் அவற்றில் வழக்கமாக ஒரு வரி இருப்பதைக் கண்டிருப்பீர்கள்: இவர் எனக்கு உறவினர் அல்லர் என்று சான்று தருபவர் உறுதி கூறவேண்டும். நம்மில் பலர் அதனை வெறும் சடங்காகக் கருதிக் கையெழுத்திடுகிறோம். அவ்வரியை வைத்தவர் உறவினர் பொய்யர் என்று சொல்லவில்லை. அன்பு கொண்ட கண்ணுக்குக் குறை தெரியாது என்பதை அறிந்தே வைத்தார். தாய் தன் பிள்ளைக்குச் சாட்சி சொன்னால் அதில் பிழை என்ன? பிழை ஒன்றுமில்லை, பயனும் இல்லை.

இவ்விடத்தில் நம் பெரியோர் சிலர் ஆட்சேபிக்கலாம். 'குலத்தார்க்குக் குலத்தார் உதவாவிட்டால் சங்கம் எதற்கு?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. திருவள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். ஒருவரை ஆராய்ந்து நம்பும் முறையே அதன் பொருள். அதில் 506-ஆம் குறள், சுற்றம் இல்லாதவரை நம்புதலைத் தவிர்க்கச் சொல்கிறது. பற்று இல்லாதவர் பழிக்கு நாணார் என்பது காரணம். பார்த்தீர்களா, உறவுக்கு அங்கே இடமிருக்கிறது! ஆனால் அடுத்த குறளாகிய 507-ஐயும் சேர்த்துப் படிக்கவேண்டும். அறியவேண்டியதை அறியாத ஒருவரை அன்பு ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு நம்பினால் எல்லாப் பேதைமையும் வந்து சேரும் என்கிறது அது. உறவு உள்ளவன் பழிக்கு அஞ்சுவான். அந்த அளவுக்கு உறவு நல்லது. உறவே தகுதியாகிவிடாது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தவர் காரணமின்றி வைத்திருக்கமாட்டார் என்பது என் அபிப்பிராயம். நம் சங்கத்தார் முதற் குறளை மனப்பாடமாகவும் இரண்டாவதை மறதியாகவும் வைத்திருக்கிறோம்.

இனி, நற்சாட்சி எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே நடந்த ஒரு சரித்திரத்தைச் சொல்லுகிறேன். கணித மேதை சீனிவாச ராமாநுஜன் அவர்களுடைய பெயரைக் கேளாதவர் இங்கே இரார். அவர் பெயர் உலகெங்கும் பரவுமுன், வேலையற்ற வாலிபராக அவர் ஊர் ஊராக அலைந்த காலத்தைப் பற்றி நம்மவர் அவ்வளவாக நினைப்பதில்லை. கும்பகோணத்திலும் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் படித்து எப். ஏ. பரீட்சையில் தேறாமற் போனவர் அவர். பட்டம் இல்லை, பணம் இல்லை, கையில் இருந்தது கணக்கெழுதிய நோட்டுப் புத்தகங்களே. 1910-இல் திருக்கோவிலூருக்குப் போய் அங்கே டிப்டி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயர் அவர்களிடம் ஒரு குமாஸ்தா வேலை கேட்டார். ராமசாமி ஐயர், 1907-இல் இந்திய கணித சங்கத்தைத் தோற்றுவித்தவர். நோட்டுப் புத்தகத்தைப் பார்த்ததும், இவரை ரெவினியூ இலாகாவின் கடைசிப் படியில் அமர்த்துவது தகாது என்று கருதி, சென்னையிலுள்ள கணிதம் அறிந்த நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார். தாம் தரக்கூடிய வேலையைத் தராமல், இவரைத் தம்மிலும் நன்றாக மதிப்பிடக் கூடியவரிடம் அனுப்பினார் என்பதைக் கவனியுங்கள்.

1912-ஆம் வருஷம் பெப்ரவரி 9-ந் தேதி ராமாநுஜன் சென்னைத் துறைமுக டிரஸ்டு ஆபீசுக்குக் குமாஸ்தா வேலைக்கு விண்ணப்பம் எழுதினார். அதனுடன் பிரசிடென்ஸி கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் துரையின் சிபாரிசும் சேர்ந்திருந்தது. அச்சிபாரிசு மிகச் சிறியது. கணிதத்தில், முக்கியமாக எண்களைப் பற்றிய ஆராய்ச்சியில், இவ்வாலிபர் அசாதாரணமான ஆற்றல் உடையவர் என்று சொல்லிவிட்டு, கணக்குப் போடுவதில் இயற்கையான சாமர்த்தியமும் மிகுந்த வேகமும் உள்ளவர் என்று முடித்தார். இந்த முடிவைத்தான் நான் மிகவும் ரசிக்கிறேன். துறைமுக ஆபீசுக்கு மேதை தேவையில்லை. கணக்கைப் பிழையின்றி விரைவாகப் போடும் குமாஸ்தா தேவை. மேதை என்று மட்டும் எழுதியிருந்தால், அப்படிப்பட்டவர் நமக்கெதற்கு என்று தள்ளியிருப்பார்கள். அந்த வேலைக்கு வேண்டிய குணம் எதுவோ அதனை அறிந்து, அதனைத் தாம் கண்டிருந்தமையால் எழுதினார். 1912 மார்ச்சு முதல் தேதி மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் ராமாநுஜன் வேலையில் அமர்ந்தார்.

அங்கே அவருக்கு மேலுத்தியோகஸ்தராக இருந்தவர் எஸ். நாராயண ஐயர். உடன் உத்தியோகம் பார்ப்பவர் எவ்வாறு சாட்சி சொல்லவேண்டும் என்பதற்கு அவரே உதாரணம். அவரும் கணிதம் கற்றவர். பகலில் ஆபீஸ் கணக்கு. இரவில் இருவரும் சிலேட்டுப் பலகைகளை வைத்துக்கொண்டு கணித ஆராய்ச்சி. அவ்வாறு தம் கண்ணாலேயே கண்டவர், துறைமுகத் தலைவராகிய சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் துரையிடம் போய், இவரை இந்த மேஜையிலேயே வைத்திருப்பது முறையன்று என்று வற்புறுத்தினார். தம் ஆபீசில் நன்றாக வேலை செய்யும் ஆளை வேறிடத்துக்கு அனுப்ப நம்மில் எத்தனை பேருக்கு மனம் வரும்? கெட்டிக்காரனைக் கைவிட மனமின்றி அவனைப்பற்றி ஒன்றும் சொல்லாமல் மறைத்து வைப்பவர்களும் உண்டு. சோம்பேறியை ஒழிக்கவேண்டி அவனை வானளாவப் புகழ்ந்து அடுத்த ஆபீசின் தலையில் கட்டுபவர்களும் உண்டு. இரண்டாவது ரகத்தை நான் என் உத்தியோக காலத்தில் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

பின்னர் லண்டன் யூனிவர்ஸிடி கல்லூரிப் பேராசிரியர் ஹில் என்பவருக்கு ராமாநுஜனின் கணிதத்தைப் பற்றி எழுதிக் கேட்டார்கள். 1912 டிசம்பரில் அவரிடமிருந்து வந்த பதில் முழுவதும் சாதகமானதல்ல. கணிதத்தில் ருசியும் ஓரளவு திறமையும் உண்டு என்றும், விரியும் தொடர்களைக் கையாளுவதில் சறுக்கி விழுந்திருக்கிறார் என்றும் எழுதினார். அதோடு நிற்கவில்லை, எந்தப் புத்தகத்தைப் படித்தால் அக்குறை தீரும் என்பதையும் சொன்னார். குறை கூறுவதாயின் இங்ஙனம் கூறவேண்டும். அக்கடிதத்தால் ராமாநுஜன் கெட்டுப்போகவில்லை.

யாவற்றிலும் சிறந்தது கில்பர்ட் வாக்கர் எழுதிய கடிதம். வாக்கர் இந்திய வானிலை ஆராய்ச்சி இலாகாவின் தலைவர். பிற்காலத்தில் பருவமழையின் ஏற்றக்குறைச்சலுக்குக் காரணம் தேடி, பசிபிக் சமுத்திரத்தில் காற்றழுத்தம் மாறிமாறி வருவதைக் கண்டு சொன்னவர். மழையை எதிர்பார்த்துக் கண்மாயைப் பார்த்துக்கொண்டிருக்கும் நம் சோழபுரத்தார் அவர் பெயரை அறிந்திருப்பது தகும். அவர் 1913 பெப்ரவரியில் சென்னைக்கு வந்தபோது ஸ்பிரிங் துரை ராமாநுஜனின் கணக்குகளை அவருக்குக் காட்டினார். மறுநாளே, 26-ந் தேதியன்று, வாக்கர் சென்னைச் சர்வகலாசாலை ரிஜிஸ்திராருக்குக் கடிதம் எழுதினார். அதன் சாரத்தைச் சொல்லுகிறேன். தாம் கண்ட கணக்குகள், சுயமாகச் சிந்திக்கும் திறத்தில், கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றின் கணித அங்கத்தினர் செய்வதற்கு ஒப்பானவை என்றார். ஆயினும் அவற்றில் முழுமையும் திட்டமும் போதா. இவருடைய நிலைமையில் அது எதிர்பார்க்கத் தக்கதே என்றார். இவர் உழைக்கும் கணிதப் பிரிவு தமக்கு விசேஷப் பயிற்சி உள்ளதன்று. ஆதலால் இவருடைய ஆற்றலை நிச்சயமாக அளந்து சொல்லத் தம்மால் இயலாது. அது ஐரோப்பாவில் புகழ் பெறத்தக்க அளவாகவும் இருக்கலாம் என்றார். இத்தனை எல்லை வகுத்த பின்னர், இவர் சில வருஷங்களாவது ஜீவனக் கவலையின்றிக் கணிதம் ஒன்றிலேயே ஈடுபடச் சர்வகலாசாலை உதவுவது நியாயம் என்பது தமக்குத் தெளிவாகத் தெரிகிறது என்று முடித்தார்.

இதில் எத்தனை 'இல்லை'கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்! முழுமை இல்லை, எனக்குப் பயிற்சி இல்லை, என்னால் அளக்க இயலவில்லை. நம்மவர் ஒருவர் இப்படி எழுதித் தந்தால், 'என்ன, இப்படிக் கெடுத்துவிட்டீர்களே!' என்று பையனின் தகப்பனார் சண்டைக்கு வருவார். ஆனால் அந்த 'இல்லை'களே கடைசி வாக்கியத்துக்குப் பலம் கொடுத்தன. தமக்குத் தெரியாததை ஒப்புக்கொள்பவர் தெரியும் என்று சொல்வதை நம்பலாம் என்று படிப்பவர் கருதுகிறார். பட்டம் பெறாத ஒரு குமாஸ்தாவுக்கு, 1913 மே முதல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் கிடைத்தது. மறுவருஷம் அவர் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். 1918-இல் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினரானார்.

இங்கே நீங்கள் கேட்கக்கூடிய ஒரு கேள்வியை நானே கேட்டுவிடுகிறேன். ராமசாமி ஐயர், நாராயண ஐயர் முதலியோர் ராமாநுஜனைப் போலப் பிராமணர்களே. அவர்கள் தம்மவருக்குத்தானே உதவினார்கள்? நாம் செய்தால் மட்டும் பிழையோ? இக்கேள்வியை நான் ஒதுக்கவில்லை. ஒரு வகுப்பாருக்குள் அறிமுகம் எளிதாக இருந்தமையால் பல கதவுகள் அவருக்குத் திறந்தன என்பதும், அத்தகைய கதவுகள் அன்று வேறு பல வகுப்புப் பிள்ளைகளுக்கு மூடியிருந்தன என்பதும் உண்மை. நம் முன்னோர் சங்கம் வைத்ததற்கே அது ஒரு காரணம். ஆனால் கதவு திறந்தது வேறு, கடிதத்தில் எழுதியது வேறு. அவர்கள் எழுதியது குலத்தைப் பற்றியன்று. நோட்டுப் புத்தகத்தில் கண்டதைப் பற்றி. அதனால்தான் மிடில்மாஸ்டும் வாக்கரும் ஹில்லும் அவருடைய கணிதத்தைப் பார்த்துத் தத்தம் சாட்சியைச் சொல்ல முடிந்தது. நம் சங்கமும் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்துவிடட்டும். எங்கே வேலை காலியிருக்கிறது என்று சொல்லட்டும். யாரைப் பார்க்கவேண்டும் என்று வழிகாட்டட்டும். பிரயாணச் செலவுக்குக் கடன் கொடுக்கட்டும். சாட்சி சொல்லும் வேலையை மட்டும், அவர்கள் உழைத்ததைக் கண்டவருக்கு விட்டுவிடவேண்டும்.

இதிலிருந்து ஒன்று பெறப்படுகிறது. அது சிலருக்குக் கசக்கலாம். உங்கள் மருமகன் ஆலையில் எப்படி வேலை செய்கிறான் என்பதை நீங்கள் பார்த்ததில்லை. உங்கள் பக்கத்து ரிங் பிரேமில் எட்டு மணி நேரம் நின்று, அறுந்த இழையைப் பிணைத்து, இராத்திரி ஷிப்டில் கண் கொட்டாமல் இருந்த அன்னிய வகுப்பைச் சேர்ந்தவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் சாட்சிக்கு உரிமையுள்ளவர் அவரேயன்றி மருமகன் அல்லர். மருமகனுக்குச் சாட்சி சொல்லவேண்டியவர், அவன் பக்கத்தில் நின்ற வேறொரு வகுப்பார். நாம் அவர்களுக்கு எழுத மறுத்தால், அவர்கள் நம் பிள்ளைகளுக்கு எழுதுவார்கள் என்று எதிர்பார்க்க நமக்கு என்ன முகம் இருக்கிறது? நம் ஜில்லாவில் ஆலைகளிலும் அச்சகங்களிலும் தீப்பெட்டித் தொழிற்சாலைகளிலும் எல்லா வகுப்பாரும் ஒன்றாக நின்று உழைக்கிறார்கள். சம்பளத்தாளில் சாதி எழுதுவதில்லை. சாட்சித்தாளில் மட்டும் எழுதாமல் எழுதுவானேன்?

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. பிரசவத்தின் பொருட்டு வேலையை விட்ட பெண், குழந்தை பள்ளிக்கூடம் போகும் வயது வந்ததும் மறுபடி வேலை தேடுகிறாள். இடையில் ஐந்து வருஷம் கழிந்துவிட்டது. பழைய மேலாளர் மாறிப்போனார். அவளுடைய வேலையை நினைவில் வைத்திருப்பவர் உடனிருந்த தோழி ஒருத்தியே. அத்தோழியின் சாட்சி எந்த மேலாளரின் சாட்சிக்கும் குறைந்ததன்று. வேலையை விட்டு நிற்கும் நாளிலேயே அதனை எழுதி வாங்கி வைத்துக்கொள்வது நலம்.

இதுகாறும் புகழ்ந்து எழுதுவதைப் பற்றிச் சொன்னேன். கெடுத்துச் சொல்லுவது அதனிலும் கொடிது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நம் தென் ஜில்லாக்களிலிருந்து குடும்பங் குடும்பமாகப் போனார்களல்லவா? அங்கே 'துண்டு' என்று ஒரு காகிதம் வழங்கியது. பெயரே நம் தமிழ்ப் பெயர். ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குப் போக விரும்பும் கூலியாட்களை, இவ்வளவு கடனைத் தீர்த்தால் விடுவிப்பேன் என்று துரை எழுதித் தரும் சீட்டு அது. அதைக் கங்காணி கையில் வைத்துக்கொண்டு புதிய தோட்டத்தைத் தேடுவான். புதிய துரை அக்கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கடனோ ஆட்களின் தலையிலேயே தொடரும். ஒருவன் எவ்வளவு நன்றாகக் கொழுந்து பறிப்பான், எத்தனை வருஷம் உழைத்தான் என்று அக்காகிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. அவன்மேல் எவ்வளவு கடன் என்பதே இருந்தது. உழைத்தவனைப் பற்றி எழுதும் சீட்டு அவனுக்கே விலங்காக மாறியதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. 1921-இல்தான் சட்டத்தால் அம்முறை ஒழிந்தது.

நம் நாட்டில் தொழிலாளிக்கு இவ்விஷயத்தில் சட்டம் சிறிது துணை செய்தது. 1946-ஆம் வருஷத்துத் தொழில் நிலையாணைகள் சட்டத்தின்படி வகுக்கப்பட்ட மாதிரி ஆணைகளில், நிரந்தரத் தொழிலாளி வேலையிலிருந்து நீங்கும்போது, நீக்கப்பட்டவனாயினும் சரியே, சர்வீஸ் சர்டிபிகேட் பெற உரிமையுடையவன் என்று ஒரு விதி இருந்தது. எத்தனை நாள் என்ன வேலை பார்த்தான் என்ற உண்மையைக் கோபத்தினால் மறைத்து வைக்கக்கூடாது என்பதே அதன் கருத்து. அச்சான்று வேலையின் கால அளவைச் சொல்லுமேயன்றித் தரத்தைச் சொல்லாது. தரத்தைச் சொல்லவேண்டியவர்கள் உடனிருந்தவர்கள்.

குறையைச் சொன்னால் மானநஷ்ட வழக்கு வருமோ என்று அஞ்சி வாயடைத்திருப்பவர்களும் உண்டு. 1860-ஆம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டம் 499-ஆம் பிரிவில் மானநஷ்டத்துக்குப் பத்து விலக்குகளைச் சொல்லியது. 2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த பாரதீய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவிலும் அவை தொடர்கின்றன. தன்னுடைய அல்லது பிறருடைய நலத்தைக் காக்கும்பொருட்டு நல்லெண்ணத்துடன் சொல்லும் குறை குற்றமாகாது என்பது அவற்றில் ஒன்று. ஆயினும் தக்க ஜாக்கிரதையும் கவனமும் இன்றிச் செய்ததை நல்லெண்ணத்தில் செய்ததாகக் கொள்ள முடியாது என்று சட்டமே இலக்கணம் சொல்லுகிறது. இங்கிலாந்தில் 1994-இல் பிரபுக்கள் சபை ஒரு காப்பீட்டுக் கம்பெனியின் வழக்கில் இதே கருத்தை வேறு வழியில் தீர்ப்பாகச் சொல்லியது. பழைய உத்தியோகஸ்தர் ஒருவரைப் பற்றி அக்கம்பெனி மிகவும் பாதகமான சான்று எழுதியது. எழுதியவர்கள் வஞ்சனையாக எழுதவில்லை. உண்மையென்று நம்பியே எழுதினார்கள். ஆனால் சரிவர விசாரியாமல் எழுதினார்கள். நம்பினால் மாத்திரம் போதாது, விசாரித்தறியும் கடமையும் உண்டு என்று தீர்ப்பாயிற்று. 'எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன்' என்பது அங்கே செல்லவில்லை. நம் ஊர் டீக்கடையில் மட்டும் அது நன்றாகச் செல்லுகிறது.

தொலைபேசியில் கேட்கும்போது இன்னும் எச்சரிக்கை வேண்டும். கடிதம் எழுதுபவன் ஒரு வாக்கியத்தை அடித்துத் திருத்துவான். வாயிலிருந்து வந்ததைத் திருத்த முடியாது. 'ஆள் எப்படி?' என்று மறுமுனையில் கேட்டதும், 'ஹூம்... பரவாயில்லை' என்று இழுத்துச் சொல்லும் ஒரு பழக்கம் நம்மில் இருக்கிறது. அந்த இழுப்பில் ஒருவனுடைய வேலை போய்விடும். சொன்னவரோ, நான் குறை ஒன்றும் சொல்லவில்லையே என்று மனச்சாட்சியை ஏமாற்றிக்கொள்வார். குறை இருந்தால் இன்ன குறை, இன்ன சந்தர்ப்பத்தில் கண்டது, பிறகு திருந்தினாரா என்று சொல்லவேண்டும். சொல்ல விருப்பமில்லாவிடில், இன்ன வருஷம் முதல் இன்ன வருஷம் வரை இன்ன வேலையில் இருந்தார், அதற்குமேல் சொல்லும் நிலையில் நான் இல்லை என்று எல்லோருக்கும் ஒரே மாதிரி சொல்லிவிடலாம். வேண்டாதவனுக்கு மட்டும் அப்படிச் சொல்லி, வேண்டியவனுக்கு அரை மணி நேரம் பேசுவது நேர்மையாகாது.

எழுதுவதற்குக் கஷ்டப்படவேண்டியதில்லை. உதாரணமாக ஒன்று வாசிக்கிறேன். பெயரும் இடமும் கற்பனை என்பதால் விட்டுவிட்டேன். 'இவரும் நானும் நான்கு வருஷம் ஸ்டோர் பகுதியில் ஒன்றாக வேலை பார்த்தோம். சரக்கு வரவு செலவுப் புத்தகம் இவர் பொறுப்பில் இருந்தது. அந்நான்கு வருஷத் தணிக்கையிலும் இருப்புக்கும் புத்தகத்துக்கும் வித்தியாசம் வந்ததில்லை. ஆங்கிலத்தில் கடிதம் எழுதப் பிறர் உதவி வேண்டியிருந்தது. கடைசி வருஷத்தில் தாமே எழுதத் தொடங்கினார். ஆட்களை வைத்து வேலை வாங்கும் சந்தர்ப்பம் இவருக்கு அங்கே வரவில்லை. ஆதலின் அதைப்பற்றி நான் சொல்ல இயலாது. ஸ்டோர் பகுதியில் மறுபடி ஆள் எடுப்பதானால் நான் இவரைக் கேட்பேன்.' இவ்வளவே. நல்லவர், வல்லவர், பண்பாளர் என்ற சொல் ஒன்றாவது இதில் இருக்கிறதா? இருந்தும் ஆளின் உருவம் கண்முன் நிற்கிறதல்லவா? எழுதியதன் பிரதி ஒன்றைத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்துத் தொலைபேசியில் கேட்கும்போது ஒன்றை எழுதி வேறொன்றைச் சொல்ல நேராது.

ஒருவருக்கு நன்றாக எழுத உங்களுக்கு மனம் ஒப்பவில்லையென்றால் என்ன செய்வது? இங்கேதான் தாட்சணியம் நம்மைக் கொல்லுகிறது. 'ஆகட்டும், என் பெயரைப் போட்டுக்கொள்' என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, விசாரணை வரும்போது போனை எடுக்காதிருப்பவர் செய்வதைத் துரோகம் என்றே நான் சொல்லுவேன். என் பெயரைப் போடாதே, உன் வேலையை அருகிலிருந்து பார்த்த வேறொருவரைக் கேள் என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள். வருத்தம் இரண்டு நாள் இருக்கும். அவருக்கு வேறொருவரைத் தேட அவகாசமும் இருக்கும். கேட்பவருக்கும் ஒன்று சொல்லவேண்டும்: கேளாமல் ஒருவர் பெயரை விண்ணப்பத்தில் எழுதாதீர்கள், எந்த வேலைக்குப் போகிறீர்கள் என்பதை அவருக்குச் சொல்லுங்கள், வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அதனை அவருக்குத் தெரிவியுங்கள். கிடைக்கும்வரை தினம் வந்தவர் கிடைத்தபின் தெருவைச் சுற்றிக்கொண்டு போவதும் நாம் காண்பதே.

நேரமாகிவிட்டதென்று காரியதரிசி அவர்கள் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். பின்வரிசையில் இரண்டு வாலிபர்கள் விண்ணப்பத் தாள்களுடன் காத்திருப்பதையும் காண்கிறேன். கூட்டம் முடிந்ததும் அவர்கள் என்னிடம் வரலாம். அவர்களுக்கு நான் எழுதித் தருவதற்கு முன், இதுவரை எங்கே வேலை பார்த்தார்கள், பக்கத்தில் நின்று பார்த்தவர் யார் என்பதைக் கேட்பேன். அவர் எந்த வகுப்பாராயினும், அவர் வீட்டுக்கு இவர்களோடு நானும் கூட நடந்து வருவேன்.